அம்மா முதுகில் ஒட்டும் மருந்து: ரிவாஸ்டிக்மின் பேட்ச் எப்படி?

அல்சைமர் நோய்க்காக அம்மாவுக்கு ரிவாஸ்டிக்மின் முதலில் காப்ஸ்யூலாகத்தான் கொடுத்தோம். அளவைக் கூட்டியதுமே குமட்டல். இட்லித் தட்டைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார், உடம்பும் இளைத்துவிட்டது. நரம்பியல் மருத்துவர் அதே மருந்தைத் தோலில் ஒட்டும் பேட்ச்சாக மாற்றிக் கொடுத்தார். குமட்டல் அடங்கி, அம்மா பழையபடி சாப்பிடத் தொடங்கினார். இந்த ஒரு காரணத்துக்காகவே இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன்.

காப்ஸ்யூலில் மருந்து விறுவிறுவென்று ரத்தத்தில் ஏறி இறங்கும். பேட்ச்சில் 24 மணி நேரமும் சீராகத் தோல் வழியே போகிறது. 2007இல் வெளியான ஐடியல் ஆய்வில், 9.5 மி.கி. பேட்ச் காப்ஸ்யூலுக்கு நிகரான பலன் தந்தது; குமட்டலும் வாந்தியும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான்.

வேதியியல் ஆசிரியை என்பதால் இது என்ன செய்கிறது என்று தேடிப் படித்தேன். நினைவாற்றலுக்குத் தேவையான அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளை மூளையில் இரண்டு நொதிகள் சிதைக்கின்றன. நோய் முற்ற முற்ற அசிட்டைல்கோலினெஸ்டிரேஸ் குறைகிறது, பியூட்டிரைல்கோலினெஸ்டிரேஸின் செயல்பாடு கூடுகிறது. டோனெபெசில் என்ற இன்னொரு அல்சைமர் மருந்து பெரும்பாலும் முதலாவதைத்தான் தடுக்கும். ரிவாஸ்டிக்மின் இரண்டையும் தடுக்கிறது. ஆனால் அசிட்டைல்கோலினை உண்டாக்குவது வேறொரு நொதி, கோலின் அசிட்டைல்டிரான்ஸ்ஃபரேஸ். நோயாளிகளின் மூளையில் அது வெகுவாகக் குறைந்திருப்பதை 1976இலேயே எடின்பரோ ஆய்வாளர்கள் காட்டினார்கள். அந்த இழப்பை எந்த பேட்ச்சும் ஈடுசெய்யாது. மறந்துபோன பேரன் பெயர் அம்மாவுக்குத் திரும்பவில்லை. காலை நேரத்தில் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்கிறார், செய்தித்தாளைப் புரட்டுகிறார். எனக்கு அது பெரிது. விற்பவர்கள் இதற்கு மேல் வாக்குக் கொடுத்தால் நம்பாதீர்கள்.

குறைகளும் உண்டு. கோடையில் வியர்த்தால் ஓரம் கிளம்பிவிடுகிறது. எண்ணெயோ பவுடரோ பட்ட தோலில் ஒட்டவே ஒட்டாது. குளிப்பாட்டி நன்றாகத் துடைத்து, ஒட்டியபின் அரை நிமிடம் உள்ளங்கையால் அழுத்த வேண்டும். ஒட்டிய இடம் சிவந்து அரிக்கிறது, ஆகவே தினமும் இடத்தை மாற்றுகிறேன். அதே இடத்துக்கு 14 நாட்களுக்குள் திரும்பக்கூடாது. அம்மா பிய்த்து எறிவார் என்பதால் கை எட்டாத மேல்முதுகுதான் வசதி. மாத்திரையைவிட விலை அதிகம், சிறிய மருந்துக் கடைகளில் சொல்லிவைத்துத்தான் வாங்க வேண்டியிருக்கிறது.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: பழையதைக் கழற்றாமல் புதியதை ஒட்டாதீர்கள். இரண்டு சேர்ந்தால் மருந்து அளவு மீறி, கடும் வாந்தியும் நாடித்துடிப்புக் குறைவும் வரலாம். உயிருக்கே ஆபத்து. ஒட்டும் தேதியைக் காலண்டரில் குறிக்கிறேன். மூன்று நாட்களுக்கு மேல் விட்டுப்போனால் நேராக 9.5 மி.கி. பேட்ச்சுக்குப் போகக்கூடாது, மருத்துவரிடம் கேட்டு மறுபடி தொடக்க அளவான 4.6 மி.கி.யிலிருந்து தொடங்க வேண்டும். அதனால் வீட்டில் எப்போதும் ஒரு பெட்டி கூடுதலாக வைத்திருக்கிறேன்.