எராஸ்மஸா, மாக்கியவெல்லியா: ஆள்பவன் வாக்குத் தவறலாமா?

1513-இல் ஃபுளோரன்ஸுக்கு வெளியே ஒரு பண்ணை வீட்டில் உட்கார்ந்து, அந்த இத்தாலிய நகரின் முன்னாள் அதிகாரியான மாக்கியவெல்லி, ஆட்சியைப் பிடித்துக் காப்பது பற்றி 'இளவரசன்' எழுதுகிறார். பதவி போய், சிறையில் சித்திரவதைப்பட்டு வெளியே வந்த வருஷம் அது. 1516-இல் நெதர்லாந்து அறிஞர் எராஸ்மஸின் 'கிறிஸ்தவ இளவரசனின் கல்வி' பாசல் நகரில் அச்சாகிறது. தேவைப்பட்டால் ஆள்பவன் வாக்குத் தவறலாம் என்பவர் மாக்கியவெல்லி, கூடாது என்பவர் எராஸ்மஸ். வழக்கமாக இந்த இருவரையும் கெட்டவர், நல்லவர் என்று பிரித்து முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை, ஏனென்றால் யாருக்காக எழுதினார்கள் என்பதே வேறு. எராஸ்மஸின் வாசகர் சார்லஸ் (பின்னாளில் புனித ரோமப் பேரரசர் ஐந்தாம் சார்லஸ்), பதினாறு வயதில் ஸ்பெயின் பரம்பரைச் சொத்தாகக் கைக்கு வந்த பையன். மாக்கியவெல்லி மனதில் இருப்பதோ நேற்று நாட்டைப் பிடித்து, நாளைக்கே இழந்துவிடக்கூடிய ஆள்.

அந்த ஆளுக்கு அவர் காட்டும் உதாரணம், போப்பின் மகனும் படைத்தலைவருமான சேசரே போர்ஜியா. இத்தாலியின் ரோமாஞா பகுதியை அடக்க ரெமிரோ என்ற கொடூரமான அதிகாரியை சேசரே அனுப்புகிறார். வேலை முடிந்தது, மக்களுக்கு வெறுப்பும் வளர்ந்தது. 1502 டிசம்பர் 26 காலையில் சேசெனா நகரச் சதுக்கத்தில், சேசரேயின் உத்தரவால், ரெமிரோவின் உடல் இரண்டு துண்டாகக் கிடக்கிறது, பக்கத்தில் ஒரு மரக்கட்டையும் ரத்தக் கறை படிந்த கத்தியும். தூதராகப் போயிருந்த மாக்கியவெல்லி அப்போது அதே ஊரில்தான் இருந்தார். மக்களுக்குத் திருப்தியும் திகைப்பும் ஒருசேர வந்தன என்று எழுதுகிறார்.

சரி, அந்த சேசரே என்ன ஆனார்? மறு வருஷமே தந்தையான போப் ஆறாம் அலெக்சாண்டர் இறந்துபோக, பின்னால் இரண்டாம் ஜூலியஸ் ஆனவர் கொடுத்த வாக்கை நம்பி, அவர் போப் ஆவதற்கு சேசரே துணைபோய், அவராலேயே ஒழிந்தார். வாக்கு என்பது மீறுவதற்கே என்று நடந்த மனிதர், இன்னொருவரின் வாக்கை நம்பி அழிந்தார். மாக்கியவெல்லி இதை ஒரு தவறான தேர்வு என்று சொல்லிக் கடந்துவிடுகிறார். அவருடைய வாதத்தின் ஓட்டையே அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்: எல்லாரும் ஏமாற்றலாம் என்றானபின், பிழைப்பதற்கே யாரையாவது நம்ப வேண்டி வரும்போது என்ன செய்வது?

எராஸ்மஸை வெறும் உபதேசி என்று ஒதுக்குகிறவர்கள் அவருடைய வரி பற்றிய பகுதியைப் படிக்க வேண்டும். தானியம், ரொட்டி, பீர், துணி போல ஏழைக்கு அன்றாடம் வேண்டியவற்றில் கைவைக்காதே, பட்டு, மிளகு, ரத்தினம் என்று பணக்காரர்கள் வாங்கும் இறக்குமதிப் பொருள்களுக்குப் போடு என்கிறார். வேடிக்கை என்னவென்றால் மாக்கியவெல்லியும் குடிமக்களின் சொத்தைத் தொடாதே என்றுதான் சொல்கிறார், தகப்பன் செத்ததைக்கூட மறப்பார்கள், சொத்து போனதை மறக்கமாட்டார்கள் என்று காரணம் சொல்லி. அவருக்கு அது அரசனின் பாதுகாப்பு, எராஸ்மஸுக்கு ஏழையின் வயிறு.

எராஸ்மஸ் யாருக்காக எழுதினாரோ அந்த சார்லஸ் மட்டும் ஒழுங்கா என்றால், இல்லை. 1527 மே மாதம் ரோமைச் சூறையாடியது சம்பளம் கிடைக்காமல் கொதித்துப்போயிருந்த சார்லஸின் படைதான். அவர் உத்தரவிடவில்லை, ஆனால் படை அவருடையது. அறிவுரை புத்தகத்தோடு நின்றுவிட்டது.

இருந்தும் என் ஓட்டு எராஸ்மஸுக்குத்தான். அநியாயம் செய்யாமல், ஏராளமான ரத்தம் சிந்தாமல் நாட்டைக் காக்க முடியாதென்றால் பதவியை விட்டு விலகிவிடு என்று அரசனிடமே சொல்கிறார். 'இளவரசன்' முழுவதும் தேடினாலும் இப்படி ஓர் எல்லைக்கோடு கிடைக்காது.