சுருதி நிற்காத கிட்டாரோடு ஆறு வருஷம்

என்னுடையது ஸ்ட்ராட் (ஃபெண்டர் ஸ்ட்ராடோகாஸ்டர்) வடிவ எலெக்ட்ரிக் கிட்டார். ஆறு திருகில் நிற்கும் ட்ரெமோலோ பிரிட்ஜ் (கம்பிகளின் கீழ்முனையைத் தாங்கி, வாமி பார் என்ற கைப்பிடியால் அசையும் தகடு), மூன்று சிங்கிள் காயில் பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருள்). நெக் (விரல் வைத்து வாசிக்கும் நீண்ட கழுத்து) கைக்கு அவ்வளவு இதமாக இருப்பதால்தான் ஆறு வருஷமாக அதையே வாசிக்கிறேன். ஆனால் முதல் இரண்டு வருஷம் ஒரு பாட்டை முழுதாக நம்பி வாசித்ததில்லை. பாட்டு முடிவதற்குள் ஜி கம்பி (மெல்லிய பக்கத்திலிருந்து மூன்றாவது) சுருதி விலகியிருக்கும்.

முதலில் கம்பியை முறுக்கும் ட்யூனிங் கீதான் நழுவுகிறது என்று நினைத்து, கம்பியை இறுகப் பிடித்துக்கொள்ளும் லாக்கிங் ட்யூனர் ஒரு செட் வாங்கி மாட்டினேன். கம்பி மாற்றும் வேலை சுலபமானது. சுருதி பழையபடியேதான் இருந்தது. இதே தொல்லை உள்ளவர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான்: காசு செலவழிக்கும் முன் பத்து நிமிஷம் சோதித்துப் பாருங்கள்.

ஜி கம்பியை அழுத்தியபடி பக்கவாட்டில் தள்ளி, இரண்டு ஃப்ரெட் (நெக்கின் குறுக்கே உள்ள உலோகக் கட்டை) அளவு சுருதி ஏறும்படி பெண்ட் செய்து விடுங்கள். சுருதி இறங்கி நிற்கிறதா? இப்போது நட்டுக்கு (நெக்கின் உச்சியில் கம்பிகளைப் பள்ளங்களில் தாங்கும் குறுக்குத் துண்டு) அந்தப் பக்கம், கீகள் உள்ள ஹெட்ஸ்டாக் மேல் ஓடும் கம்பியை விரலால் ஓர் அமுக்கு அமுக்கி விடுங்கள். சுருதி திரும்பி வந்துவிட்டால் கீ மேல் தப்பில்லை, கம்பி நட்டின் பள்ளத்தில் சிக்குகிறது. பெண்ட் செய்யும்போது அந்தப் பக்கத்துக் கம்பி கொஞ்சம் இந்தப் பக்கம் இழுபட்டு வருகிறது. விட்டதும் வழுக்கித் திரும்பிப் போக வேண்டும். போகாவிட்டால் இந்தப் பக்கம் தளர்ந்து சுருதி இறங்கும். வாமி பாரை அமுக்கி விட்டால் நேர்மாறாக, ஏறி நிற்கும். என் கிட்டாரில் இரண்டும் நடந்தது. கீயைத் திருப்பும்போது ‘டிங்’ என்று ஒரு சத்தமும் வரும். அதைப் பல மாதம் கேட்டும் பொருட்படுத்தாமல் விட்டிருந்தேன்.

இதற்கு ஒரு காரணம் நான் செய்த மாற்றம். 9 செட் கம்பியிலிருந்து சற்றுத் தடித்த 10 செட்டுக்கு மாறியிருந்தேன். ஜி கம்பி 0.016 அங்குலத்திலிருந்து 0.017 ஆகிறது. கேட்க ஒன்றுமில்லாத வித்தியாசம், ஆனால் இறுக்கமாக வெட்டிய பள்ளத்துக்கு அதுவே போதும். பென்சில் முனையைப் பள்ளத்தில் தேய்த்துப் பார்த்தேன், கிராஃபைட் வழுக்கும் என்பதால். இரண்டு வாரம் அருமையாக இருந்தது, அப்புறம் பழைய கதை. கடைசியில் ரிப்பேர் செய்பவர் ஒருவரிடம் கொடுத்து எலும்பு நட் போட்டேன். நான்கு வருஷம் ஆகிறது, அந்த ‘டிங்’ திரும்ப வரவில்லை. இன்னொரு தொல்லையும் அதோடு போனது. பழைய நட்டில் பள்ளம் ஆழம் போதாமல் கம்பி உயரமாக நின்றதால், முதல் ஃப்ரெட்டை அழுத்தினாலே சுருதி ஏறும். விரல் வைக்காத ஓப்பன் கம்பிகள் சரியாக இருந்தும் இ மேஜர் கார்டு கசந்ததன் காரணம் அதுதான்.

அடுத்தது பிரிட்ஜ். தடித்த கம்பி கூடுதலாக இழுத்ததில் பிரிட்ஜின் பின்பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. பின் மூடியைக் கழற்றி, மூன்று ஸ்ப்ரிங்கோடு நான்காவதையும் மாட்டி, ஸ்ப்ரிங்கைப் பிடித்திருக்கும் கொக்கித் தகட்டின் இரண்டு திருகையும் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கி, பிரிட்ஜ் உடம்போடு படியும்படி வைத்தேன். வாமி பாரை மேலே இழுத்துச் சுருதி ஏற்ற இனி முடியாது. எனக்கு அது தேவையும் இல்லை. நடுவில் ஒரு கம்பி அறுந்தாலும் மற்ற ஐந்தும் சுருதியில் நிற்கும், அந்த நிம்மதி பெரியது.

ட்ரஸ் ராட் (நெக்கின் வளைவைச் சரிசெய்ய உள்ளே இருக்கும் உலோகத் தண்டு) விஷயத்தில் மட்டும் அவசரம் கூடாது. சென்னையில் மழைக்கால ஈரமும், பிறகு ஏசி அறையின் வறட்சியும் மரத்தை மாற்றிக்கொண்டே இருக்கின்றன. முதல் ஃப்ரெட்டில் கேப்போ (எல்லாக் கம்பியையும் அழுத்திப் பிடிக்கும் கிளிப்) போட்டு, நெக் உடம்போடு சேரும் இடத்துக்கு மேலே உள்ள ஃப்ரெட்டில் கம்பியை அழுத்தி, ஏழாவது ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் உள்ள இடைவெளியைப் பார்ப்பேன். மெல்லிய விசிட்டிங் கார்டு, கால் மில்லிமீட்டர் அளவு, நுழைந்தால் போதும். ட்ரஸ் ராடைத் திருப்பும் ஆலன் கீயை ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் திருப்புவதில்லை. நெக் சரியான பிறகுதான் சேடில் (பிரிட்ஜில் ஒவ்வொரு கம்பியும் அமரும் துண்டு) உயரம், பன்னிரண்டாவது ஃப்ரெட் ஒத்திசைவு எல்லாம். அங்கே அழுத்திய ஸ்வரம், அதே இடத்தில் கம்பியை லேசாகத் தொட்டு எழுப்பும் ஹார்மோனிக்கைவிட ஏறியிருந்தால் சேடிலைப் பின்னுக்குத் தள்ள வேண்டும்.

இதில் என்னை அதிகம் அலைக்கழித்தது தடித்த இ கம்பி. மேல் ஃப்ரெட்டுகளில் ஒரே ஸ்வரம் இரண்டாகப் பிரிந்து அலைவது போல் கேட்டது. சேடிலைத் திருப்பித் திருப்பி ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது. கடைசியில் பார்த்தால் நெக் பிக்கப் கம்பிக்கு மிக அருகில் இருந்தது. அதன் காந்தம் கம்பியைப் பிடித்து இழுத்திருக்கிறது. தடித்த கம்பிப் பக்கத்துத் திருகைத் தளர்த்தி ஒன்றரை மில்லிமீட்டர் இறக்கியதும் அலைவு அடங்கிவிட்டது. சத்தம் ஒரு துளி குறைந்ததை ஆம்ப்பில் ஏற்றிக்கொண்டேன்.