உப்பிய பேட்டரி எங்கே போக வேண்டும்: குப்பை வண்டியா, காயலான் கடையா, சர்வீஸ் சென்டரா?

குப்பை வண்டி வாசலுக்கே வருகிறது, செலவும் இல்லை. ஆனால் போன், பவர் பேங்க் போன்றவற்றின் லித்தியம் பேட்டரிக்கு இதைவிட மோசமான வழி கிடையாது. போன் ‘0%’ காட்டி அணைந்தாலும் பேட்டரியில் பொதுவாக 3 வோல்ட்டுக்குக் குறையாமல் இருக்கும். உள்ளே இரு மின்முனைகளையும் பிரிப்பது ஒரு மெல்லிய பிளாஸ்டிக் படலம். கம்பாக்டர் லாரி அழுத்தும்போது அது கிழிந்தால் ஷார்ட் ஆகிச் சூடேறும். உள்ளிருக்கும் திரவமும் தீப்பற்றக்கூடியது. சுற்றிலும் அட்டை, காகிதம், பிளாஸ்டிக். மாட்டிக்கொள்வது தூய்மைப் பணியாளர். பேட்டரியை மற்ற குப்பையோடு கலக்காமல் தனியாகக் கொடுப்பது பயன்படுத்துபவரின் பொறுப்பு என்று 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளே சொல்கின்றன. பேட்டரி மேல் குறுக்குக் கோடு போட்ட குப்பைத் தொட்டிப் படம் இருப்பதும் இதற்காகத்தான்.

காயலான் கடையில் காசு கிடைக்கும். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஈயத்தால் நல்ல விலையும் உண்டு. ஆனால் ஆசிட்டை மண்ணில் கொட்டிவிட்டு ஈயத்தை உருக்கும் பட்டறைக்கு அது போகாது என்று யார் உறுதி தருவது? புது பேட்டரி வாங்கும் கடையில் எக்ஸ்சேஞ்ச் போட்டால் பில்லிலேயே கழித்துக்கொள்வார்கள், அதுவே மேல். லேப்டாப் பேட்டரியைக் காயலான் கடைக்குப் போடவே கூடாது. சுத்தியல் அடி ஒன்று போதும், தீப்பிடிக்க.

போன் கம்பெனியின் சர்வீஸ் சென்டர் அல்லது அங்கீகாரம் பெற்ற மின்கழிவு மையம் என்றால் அலைச்சல்தான், பெரும்பாலும் காசும் வராது. இருந்தாலும் லித்தியத்துக்கு என் ஓட்டு இதற்கே. உப்பியதைச் சில இடங்களில் வாங்கத் தயங்குவார்கள். முன்கூட்டியே போன் செய்து கேட்டுவிடுங்கள்.

எங்கே கொடுத்தாலும் முனைகளில் டேப் ஒட்டுங்கள். மைக்கிலும் மல்டிமீட்டரிலும் போடும் 9 வோல்ட் பேட்டரிக்கு இரு முனையும் மேலேயே பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். டிராயரில் ஒரு சாவி குறுக்கே விழுந்தால் சூடேறிவிடும். பட்டன் செல்லுக்கு இரண்டு பக்கமும் டேப். குழந்தை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாய் வெந்துபோகலாம்.

ரிமோட்டில் போடும் 1.5 வோல்ட் செல்லில் ஆபத்து குறைவு. டப்பாவில் சேர்த்து வைத்து மொத்தமாகக் கொடுக்கலாம். உப்பிய பேட்டரிக்கு அந்தச் சலுகை இல்லை. சார்ஜ் போடாமல், அமுக்காமல், குத்தாமல், மணல் போட்ட மண்சட்டியில் நிழலில் வைத்து, முடிந்தவரை சீக்கிரம் கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள். வெயிலில் நிற்கும் ஸ்கூட்டர் டிக்கியில் மட்டும் போட்டு வைக்க வேண்டாம்.