18 லட்சம் கியாட் கொடுத்து ஏமாந்தேன்: "பழைய தமிழ் சாஃப்ட்வேர் புதுக் கம்ப்யூட்டரில் ஓடும்" என்றால் நம்பாதீர்கள்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் வழக்கம்போல "போகட்டும் விடு" என்று விட்டுவிடுவேன், அடுத்த ஆள் அதே கடையில் போய் மாட்டுவார். கடைப் பெயரைப் போடவில்லை. யாங்கோனில் கம்ப்யூட்டர் விற்று ரிப்பேரும் பார்க்கும் கடை, நடத்துவது நம்ம ஆள். அவ்வளவு போதும். போனது 18 லட்சம் கியாட்.

எனக்குச் சின்ன அச்சுக்கூடம். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கோயில் தீமிதி நோட்டீஸ், கருமாதி அட்டை. ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் பர்மீஸ். பர்மீஸுக்கு வின் இன்வா என்ற பழைய ஃபாண்ட். தமிழுக்கு 1998-ல் மாமா சென்னையிலிருந்து வாங்கிவந்த டைப்பிங் சாஃப்ட்வேர். இரண்டையும் பேஜ்மேக்கர் என்ற பக்கம் வடிவமைக்கும் சாஃப்ட்வேரில் வைத்துத்தான் இத்தனை வருஷமும் பிழைப்பு ஓடியது. தமிழ் சாஃப்ட்வேருக்கு ஒரு பூட்டு உண்டு, டாங்கிள் என்பார்கள். கட்டைவிரல் பருமன்தான். கம்ப்யூட்டருக்குப் பின்னால், அந்தக் காலத்துப் பிரிண்டர் வயர் மாட்டும் பாரலல் போர்ட்டில் அதைச் செருகியிருந்தால்தான் தமிழ் தட்ட முடியும்.

"யூனிகோடுக்கு மாறவேண்டியதுதானே" என்று ஆரம்பிக்காதீர்கள். யூனிகோடு என்பது எல்லா மொழிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு, பேஜ்மேக்கருக்கு அது தெரியாது. இருபது வருஷத்து வேலை முழுக்க அந்தப் பழைய எழுத்தில்தான் கிடக்கிறது. ஸோஜி என்ற பழைய பர்மீஸ் எழுத்திலிருந்து யூனிகோடுக்கு இந்த நாடே 2019 அக்டோபர் 1-ல்தான் மாறியது. எழுத்து மாறுவது எப்பேர்ப்பட்ட தலைவலி என்று இங்கே யாருக்கும் நான் சொல்லத் தேவையில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். என் பழைய பெட்டியில் ஓடியது விண்டோஸ் எக்ஸ்பி. கரண்ட் போய்ப் போய் வந்ததில் போர்டு தளர்ந்து, பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை உறைந்து நின்றது. தை மாசக் கல்யாண ஆர்டர்கள் வேறு. பெட்டியைத் தூக்கிக்கொண்டு அந்தக் கடைக்குப் போனேன்.

"அண்ணே, எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் 2014-லேயே கையை விரிச்சாச்சு. விண்டோஸ் 10-க்கே 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சது. விண்டோஸ் 11 போட்டுத் தர்றேன், உங்க சாஃப்ட்வேர் அத்தனையும் அதுல ஏத்தித் தர்றேன்" என்றார். அந்தத் தேதிகள் சரிதான், அதில் பொய் இல்லை. அதனால்தான் மற்றதையும் நம்பினேன். "தமிழ் ஓடுமா தம்பி?" என்று மூன்று முறை கேட்டேன். மூன்று முறையும் "யா தே, யா தே" (முடியும், முடியும்) என்று பர்மீஸில் சொல்லிச் சிரித்தார். "உங்களுக்குச் செய்யாம வேற யாருக்குண்ணே செய்யப் போறேன்?"

இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டார். புது கம்ப்யூட்டரில் பேஜ்மேக்கரைத் திறந்து, நான் போன வருஷம் பெகு குடும்பம் ஒன்றுக்கு அடித்த பத்திரிகையைக் காட்டினார். பிள்ளையார் சுழி, மணமக்கள் பெயர், முகூர்த்த நேரம், எல்லாம் அச்சு அசலாகத் தமிழில் நின்றது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. டீ வரவழைத்தார். பழைய பெட்டியை எடுத்துக்கொண்டு அதற்கு 50 ஆயிரம் கழித்தார். டாங்கிளுக்கு என்று ஒரு யுஎஸ்பி வயரும் தலையில் கட்டினார். மொத்தம் 18 லட்சம், கையில் எண்ணிக் கொடுத்தேன். ரசீதில் "கம்ப்யூட்டர் 1 செட்" என்று மட்டும் எழுதினார். அப்போது எனக்கு அது உறைக்கவில்லை.

ஒரே ஒரு எழுத்தை நான் தட்டிப் பார்த்திருக்கலாம். 'அ' போதும். தட்டவில்லை. பழைய ஃபைலைத் திறப்பதற்கு ஃபாண்ட் இருந்தால் போதும், ஃபாண்டை எந்த விண்டோஸும் ஏற்றுக்கொள்ளும். அதைக் காட்டித்தான் காசை வாங்கினார். புதிதாகத் தட்டுவதற்குத்தான் அந்த சாஃப்ட்வேர் வேண்டும், அது ஏறவே இல்லை.

வீட்டில் வந்து தட்டினால் ஆங்கில எழுத்தும் குறியும் கொட்டுகிறது. சிடியைப் போட்டு நானே ஏற்றப் பார்த்தேன். "இந்த ஆப் உங்கள் பிசியில் இயங்காது" என்று நீலமாக ஒரு பட்டை. டாங்கிளைத் தேடினேன். அது பழைய பெட்டியின் முதுகிலேயே இருந்துவிட்டது! டாங்கிளுக்கு வயர் விற்றவர் டாங்கிளைக் கழற்றித் தரவில்லை. கழற்றாதது என் தப்பும்தான், ஒப்புக்கொள்கிறேன்.

அதற்கப்புறம் நடந்தது கேளுங்கள். முதல் நாள் போன் செய்தால், "கரண்ட் இல்லண்ணே, வந்ததும் பார்க்கிறேன்." இரண்டாம் நாள், "பையன் லீவு." மூன்றாம் நாள், "கம்பேட்டிபிலிட்டி மோடில் எக்ஸ்பினு டிக் பண்ணுங்க, சரியாகிடும்." பண்ணினேன், ஆகவில்லை. நான்காம் நாள் குரல் மாறியது: "சாஃப்ட்வேருக்கெல்லாம் வாரண்டி கிடையாது, ரசீதைப் பாருங்க." டாங்கிளையாவது கொடு தம்பி என்றேன். "அந்தப் பெட்டி அன்னைக்கே பார்ட்ஸ்காரனுக்குப் போச்சே." வைபர் ஆப்பில் நான் அனுப்பிய செய்தி எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார், பதில் இல்லை. 18 லட்சம் வாங்கினவருக்கு ஒரு வரி எழுத நேரமில்லை.

நேரில் போனேன், முதலாளி இல்லை. வேலை செய்யும் பர்மீஸ் பையன்தான் மனசு கேட்காமல் உண்மையைச் சொன்னான். பிட் என்பது தலைமுறை மாதிரி: 16 ரொம்பப் பழசு, 32 அடுத்தது, 64 இப்போதையது. விண்டோஸ் 11 வருவதே 64 பிட்டில் மட்டும்தானாம். என் சாஃப்ட்வேர் 32 பிட், அது தப்பித்துவிடும். ஆனால் அதை ஏற்றும் செட்டப் 16 பிட், அந்தக் காலத்தில் நிறைய சிடிகள் அப்படித்தானாம். 64 பிட் விண்டோஸில் 16 பிட் எதுவும் ஓடாது. செட்டப்பை எப்படியாவது தாண்டினாலும் டாங்கிளை விண்டோஸோடு பேசவைக்கும் டிரைவர் என்ற சின்ன சாஃப்ட்வேர் 32 பிட், அதை 64 பிட் விண்டோஸ் உள்ளேயே விடாது. கம்பேட்டிபிலிட்டி மோடு சாஃப்ட்வேரிடம் "இது எக்ஸ்பி" என்று பொய் சொல்லும், இல்லாததைக் கொண்டுவந்து தராது. அந்த யுஎஸ்பி வயர் பிரிண்டருக்கு மட்டும், டாங்கிளுக்கு ஆகாது. கடைசியில் தலையை ஆட்டி, "மயாபூ, சயா" (முடியாது, ஐயா) என்றான். முதலாளியின் யா தேவுக்கு 18 லட்சம். பையனின் மயாபூவுக்கு ஒரு காசு இல்லை.

என்ன செய்யவேண்டும் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன். கரண்ட் போகும் நேரமாகிவிட்டது, சுருக்கமாகச் சொல்கிறேன். பணம் கொடுக்குமுன் உங்கள் கையாலேயே புதிதாகத் தட்டி, சேமித்து, பிரிண்ட் எடுத்துப் பாருங்கள். என்னென்ன சாஃப்ட்வேர் ஓடவேண்டும் என்பதை ரசீதில் எழுதி வாங்குங்கள். பழைய பெட்டியை எக்ஸ்சேஞ்சில் கொடுக்காதீர்கள், செத்தே போயிருந்தாலும். விண்டோஸ் 10 வரை 32 பிட் உண்டு, கம்ப்யூட்டருக்குள்ளேயே இன்னொரு கம்ப்யூட்டர் போல நடிக்கும் வர்ச்சுவல் பாக்ஸ் என்று இலவசமாக ஒன்றும் இருக்கிறது, அதற்குள் எக்ஸ்பியை ஏற்றலாம் என்றான் பையன். டாங்கிள் இல்லாத எனக்கு அதனாலும் பயனில்லை.

பழைய கம்ப்யூட்டர் பார்ட்ஸ் விற்கும் இடங்களுக்குப் போகிறவர்கள் கொஞ்சம் பாருங்கள். என் டாங்கிள் சாம்பல் நிறம், இரண்டு பக்கமும் திருகு, ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டு காய்ந்து ஒட்டியிருக்கும். கொண்டுவந்து கொடுப்பவருக்கு 1 லட்சம் கியாட் தருகிறேன். 18 போனதோடு அதுவும் போகட்டும்.