கல்லடி வாவி, பாடுமீன் போட் சவாரி: ஐந்துக்கு நாலு

போன பறுவத்தன்று ஏ.எல். படிக்கும் மருமகனையும் அவன்ட தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு மட்டக்களப்பில் கல்லடிப் பாலத்தடியில் போட் ஏறினோம், வாவிக்குள் மீன் பாடும் என்று சொல்கிற சத்தத்தைக் கேட்க. ஒரு மணித்தியாலத்துக்கு 3000 ரூபா. லைஃப் ஜாக்கெட் மூன்று தந்தார்கள். ஒன்றுக்குக் கிளிப் இல்லை, அது எனக்குத்தான் வந்தது. இருக்கிற பலகையும் ஈரம்.

பழைய பாலத்துக்குக் கிட்டப் போய் எஞ்சினை நிப்பாட்டி, போட்கார அண்ணன் சவளை (துடுப்பை) தண்ணிக்குள் விட்டு மேல்நுனியில் காதை வைக்கச் சொன்னார். கம்பி அதிர்ந்த மாதிரி ஒருக்கா கேட்டது. பாலத்தில் போன லொறி என்றான் மருமகன். அப்படியும் இருக்கலாம்.

மீன் பாடவில்லை. சும்மா இருந்த நேரத்தில் அண்ணன் தொடங்கினார்: "மனே, சத்தம் தண்ணிக்குள்ளால வருது, மரத்துக்குள்ளால வருது. இந்த நிலா வெளிச்சம் எதுக்குள்ளால வருது? அங்க காத்தும் இல்ல எண்டுறாங்க."

19ஆம் நூற்றாண்டுப் பௌதிகக்காரரை ஆட்டிவைத்த கேள்வி அது. ஒளி ஒரு அலை என்றால் அதைச் சுமக்க ஒன்று வேண்டும் என்று, வெளி முழுக்க நிறைந்த 'ஈதர்' என்ற ஒன்றை வைத்தார்கள். பொல்லாத பண்டம்: ஒளியைச் செக்கனுக்கு 3 லட்சம் கிலோமீற்றரில் கடத்துகிற அளவுக்கு விறைப்பு வேண்டும், அதேநேரம் பூமி அதற்குள் தடக்காமல் ஓடவும் வேண்டும்.

அந்த ஈதரை எப்படித் தேடினார்கள் என்று மருமகன் போட்டையே வைத்து விளங்கப்படுத்தினான். போட் செக்கனுக்கு 2 மீற்றர், நீரோட்டம் 1 மீற்றர் என்றால், ஓட்டத்தின் வழியே 100 மீற்றர் போய்த் திரும்ப 133 செக்கன். குறுக்கே போய்த் திரும்ப 115 செக்கன்தான். 1887இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் மைக்கல்சன், மோர்லி என்ற இரண்டு விஞ்ஞானிகள் போட்டுக்குப் பதில் நேரேயும் குறுக்கேயும் ஒளிக்கற்றையை விட்டார்கள். பூமி சூரியனைச் சுற்றுவது செக்கனுக்கு 30 கிலோமீற்றர், அந்த வேகத்தில் ஈதர் நீரோட்டம் மாதிரி எதிரே ஓடிவர வேண்டும். கருவியை ஏற்றிப் பாதரசத்தில் மிதக்கவிட்ட கற்பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தும் எதிர்பார்த்த வித்தியாசம் வரவில்லை.

அண்ணன் விடவில்லை. "வாவித் தண்ணி போட்டோட சேர்ந்தே வந்தா வித்தியாசம் எப்பிடி வரும்? ஈதரையும் பூமி இழுத்துக்கொண்டு வந்திருக்கும்."

பெடியன் வாயடைத்துப் போனான். வீட்டுக்கு வந்து தேடினால், இதையே ஸ்டோக்ஸ் என்ற பௌதிகக்காரர் 1845இல் சொல்லியிருக்கிறார்! அதற்கு இடைஞ்சலாக நின்றது நட்சத்திரங்கள். மழையில் சைக்கிள் ஓடும்போது குடையை முன்னுக்குச் சரிப்பதுபோல, பூமி ஓடுவதால் நட்சத்திரத்தைப் பார்க்கத் தொலைநோக்கியையும் துளி சரிக்கவேண்டியிருக்கிறது. பிராட்லி என்ற வானியலாளர் 1720களிலேயே கண்டது. ஈதர் பூமியோடு இழுபட்டு வந்தால் அந்தச் சரிவை விளக்குவது பெரும்பாடு. 1905இல் ஐன்ஸ்டைன் ஈதரே தேவையில்லை என்றுவிட்டார். இதை அண்ணன் ஒத்துக்கொள்வார் என்று நான் நினைக்கவில்லை. இறங்கும்போதே "ஆகாயத்தின்ட குணம் சத்தம் எண்டு பெரியாக்கள் சொல்லியிருக்காங்க, மறுகா எப்பிடி அது வெறுமையாகும்?" என்று ஒன்றைப் போட்டுவிட்டார்.

வாதத்தில் 20 நிமிடம் கூடிப்போனது. அதற்கு 500 ரூபா மேலதிகமாக வாங்கினார். கேள்வி கேட்டது அவர், காசு கொடுத்தது நான்.

சத்தம் கேட்கத்தான் போகிறீர்கள் என்றால் பாலத்தில் வாகனம் குறைந்த பிறகு, இரவு பத்து மணிக்குமேல் போகிற மாதிரி போட்டைப் பேசிக்கொள்ளுங்கள். நுளம்புக்கு ஏதாவது பூசிக்கொண்டு போங்கள். ஒரு நட்சத்திரம் குறைத்தது அந்தக் கிளிப்புக்கு.