குறும்படத்துக்கு ஸ்டோரிபோர்டா, ஷாட் பட்டியலா?

திரைக்கதை முடிந்த பிறகு படப்பிடிப்புக்கு எந்தத் தாளைக் கையில் எடுத்துக்கொண்டு போவது? பணமும் நாளும் குறைவாக உள்ள குழுவுக்குத்தான் இந்தக் கேள்வி கனமானது. காட்சிகளைப் படமாக வரையும் ஸ்டோரிபோர்டு, ஷாட்களை (கேமரா ஒரே ஓட்டத்தில் எடுக்கும் துண்டுகளை) எழுதி அடுக்கும் ஷாட் பட்டியல், காட்சியையும் ஒலியையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதும் இரு பத்தி ஸ்கிரிப்ட் என மூன்றையும் முழுமையாகச் செய்ய அவர்களுக்கு அவகாசம் இருக்காது. நான் ஷாட் பட்டியலின் பக்கம். ஆனாலும் மற்ற இரண்டும் அதை வெல்லும் இடங்கள் உண்டு.

ஸ்டோரிபோர்டு அனிமேஷன் உலகில் வளர்ந்தது. 1930களின் தொடக்கத்தில் வால்ட் டிஸ்னியின் ஸ்டுடியோவில், காட்சிகளைத் தனித்தனித் தாளில் வரைந்து பலகையில் வரிசையாகக் குத்திவைத்தார்கள். கதை எங்கே தொய்கிறது என்று நின்று பார்த்து, வேண்டாத தாளைக் கழற்றிவிடலாம். வினாடிக்கு 24 ஃபிரேம், அதாவது 24 தனிப்படங்கள், ஓடும் படத்தில், முழுதாக வரைந்து முடித்த காட்சியை வெட்டுவது பெருநஷ்டம் என்பதால் அங்கே இது கட்டாயத் தேவை. விளம்பரப் படத்திலும் அப்படியே: 30 வினாடிப் படத்துக்குப் பணம் தருபவர், அது எப்படி இருக்கும் என்பதை முன்பே பார்த்து ஒப்புதல் தர விரும்புவார். சண்டை, கிராஃபிக்ஸ் காட்சிகளுக்கும் படம் வரையாமல் போகவே கூடாது; அங்கே பலர் ஒரே நேரத்தில் ஒரே பிம்பத்தை மனத்தில் வைத்திருக்க வேண்டும்.

ஓவியங்களே போதும் என்பதற்கு வங்க இயக்குநர் சத்யஜித் ராயைச் சிலர் உதாரணம் காட்டுவார்கள். 1955இல் வெளியான ‘பதேர் பாஞ்சாலி’க்கு அவர் வழக்கமான முழுத் திரைக்கதை எழுதவில்லை, ஓவியங்களையும் குறிப்புகளையும் வைத்தே எடுத்தார் என்பது உண்மை. ஆனால் அவர் விளம்பர நிறுவனத்தில் ஓவியராகப் பணியாற்றியவர். கோட்டில் சிந்திக்கும் கை இல்லாதவர்கள் அந்த வழியைப் பின்பற்றினால், வாரக்கணக்கில் குச்சி மனிதர்களை வரைந்து களைத்துப்போவார்கள்.

வேறொரு சிக்கலும் இருக்கிறது. பத்தடி அறையில் எடுக்கும் காட்சிக்கு, கேமரா இருபதடி தள்ளி நிற்பதுபோல வரைந்துவிட முடியும். தாளில் சுவர் தடுக்காது. படப்பிடிப்பன்று, வரைந்த ஃபிரேம் எந்த லென்ஸிலும் கிடைக்காது. இதற்கு நல்ல மாற்று, அந்த இடத்துக்கே போய் நண்பர்களை நிற்கவைத்துக் கைபேசியில் படம் எடுப்பது. அந்தப் படங்கள் பொய் சொல்லாது.

ஷாட் பட்டியல் பார்க்க வறட்சியானது. சீன் எண், ஷாட் எண், க்ளோஸப்பா (நெருக்கமா) வைடா (அகலமா), கேமரா நகர்கிறதா, ஒலி தேவையா என்று கட்டங்கள் மட்டும்தான். அதன் பலம் வரிசையை மாற்றுவதில் இருக்கிறது. ஸ்டோரிபோர்டு கதை வரிசையில் போகும். படப்பிடிப்போ விளக்குகளின் வரிசையில் போகும். ஜன்னலை நோக்கிய ஷாட்கள் எல்லாவற்றையும் சேர்த்து எடுத்துவிட்டுத்தான் விளக்கைத் திருப்ப வேண்டும். பட்டியலில் இதைச் சில நிமிடங்களில் மாற்றி அடுக்கிவிடலாம். ‘கட்டாயம்’, ‘நேரமிருந்தால்’ என்று ஒவ்வொரு ஷாட்டுக்கும் எதிரே குறித்துவைத்தால், வெளிச்சம் போகும் மாலையில் எதைக் கைவிடுவது என்ற வாக்குவாதமே எழாது. உதவி இயக்குநரும் ஒளிப்பதிவாளரும் ஒரே தாளைப் பார்த்து வேலை செய்யலாம்.

அதன் குறை, யார் எந்தப் பக்கம் பார்க்கிறார் என்பதைச் சொல்லாதது. இருவர் பேசும் காட்சியில் கேமரா அவர்களை இணைக்கும் கற்பனைக் கோட்டைத் தாண்டிவிட்டால், எடிட்டிங்கில் இருவரும் ஒரே திசையைப் பார்ப்பதுபோல ஆகிவிடும். ஆகவே பட்டியலோடு அறையின் தரைப்படம் ஒன்று அவசியம்: மேலிருந்து பார்ப்பதுபோல் மேசை, கதவு, ஆட்கள், கேமரா நிற்கும் இடங்கள். இதை வரைய ஓவியத் திறமை தேவையில்லை.

குரல் முன்னால் போகும் படங்களில் மட்டும் நான் கட்சி மாறுவேன். ஆவணப்படம், பயிற்சி வீடியோ போன்றவற்றுக்கு இடப்பக்கம் காட்சி, வலப்பக்கம் ஒலி என்று பிரித்த இரு பத்தி ஸ்கிரிப்டுக்கு இணையில்லை. ஒரு பத்தியில் வரிகள் நிறைந்து எதிர்ப்பக்கம் காலியாக இருந்தால், எந்தப் படத்தை எடுக்கத் தவறினோம் என்பது உடனே தெரிந்துவிடும். நேரக் கணக்கில் மட்டும் கவனம் தேவை. நிமிடத்துக்கு இத்தனை சொற்கள் என்ற ஆங்கிலக் கணக்கு தமிழுக்குப் பொருந்தாது. நம் சொற்கள் நீளமானவை. கடிகாரத்தை வைத்துக்கொண்டு உரக்கப் படித்துத்தான் அளக்க வேண்டும். ஆவணப்படம் என்றால் இந்தத் தாளை இரண்டு முறை எழுத வேண்டியிருக்கும்: கேள்விகளோடு புறப்படும்முன் ஒரு முறை, பேட்டிகள் கையில் வந்தபின் மறுமுறை. இரண்டாவதை வைத்துத்தான் எடிட்டர் வேலையைத் தொடங்குவார்.