பாலைவனக் குளிரில் ஒரு வாத்துத் தூவி ஸ்லீப்பிங் பேக்

குளிர்காலத்தில் பாலைவனத்தில் கூடாரம் அடித்துத் தங்குவதற்காக ஸ்லீப்பிங் பேக் வாங்குபவர்களில் பெரும்பாலோர், அதன் உறையில் பெரிதாக அச்சிட்டிருக்கும் ஒரே ஓர் எண்ணைப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறார்கள். நான் வாங்கிய பையில் அந்த எண் மைனஸ் 8 டிகிரி செல்சியஸ். நண்பர்களுடன் பாலைவனச் சாலைகளில் காரில் சென்று, இருட்டியதும் சாலையை விட்டு விலகி வெட்டவெளியில் தங்கிய பயணத்தில் இதை நன்றாகவே சோதித்துப் பார்க்க முடிந்தது. பை நல்ல பைதான். ஆனால் அந்த எண்ணுக்கு நாம் கொடுத்துக்கொள்ளும் பொருளும் அதன் உண்மைப் பொருளும் வேறு வேறு என்பதால், முதலில் அதைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

பையின் உள்பக்கத்தில் தைத்திருக்கும் சிறிய துணிப்பட்டையில் மூன்று எண்கள் இருக்கின்றன: சௌகரிய அளவு மைனஸ் 2, கீழ்வரம்பு மைனஸ் 8, அபாய வரம்பு மைனஸ் 26. ஐரோப்பாவில் 2002-ல் வந்த ஈஎன் 13537 என்ற தரநிர்ணயமும், 2016-ல் அதன் இடத்தைப் பிடித்த ஐஎஸ்ஓ 23537-ம் வகுத்த முறை இது. வெப்பமூட்டிய பொம்மை உடல் ஒன்றுக்கு மெல்லிய முழுநீள ஆடை அணிவித்து, பாய் மேல் விரித்த பைக்குள் படுக்கவைத்து, எவ்வளவு வெப்பம் வெளியேறுகிறது என்று அளந்து கணக்கிடுகிறார்கள். சௌகரிய அளவு என்பது சராசரிப் பெண் ஒருவர் உடலைத் தளர்த்திக்கொண்டு குளிர் தெரியாமல் உறங்கக்கூடிய வெப்பநிலை. கீழ்வரம்பு என்பது சராசரி ஆண் ஒருவர் கைகால்களைக் குறுக்கிச் சுருண்டு படுத்தால் நடுக்கமெடுக்காமல் சமாளிக்கக்கூடிய வெப்பநிலை. மூன்றாவது எண் உயிர் பிழைப்பது பற்றியது. அதை வைத்து யாரும் பயணத்தைத் திட்டமிடக் கூடாது. உறையில் பெரிதாகப் போடுவது நடுவிலுள்ள எண்ணை என்பதால், வாங்குபவருக்கு ஆறு டிகிரி சலுகை கிடைத்தாற்போன்ற ஒரு தோற்றம் உண்டாகிறது.

இந்த ஆறு டிகிரி எவ்வளவு பெரியது என்பது எங்கள் குழுவிலேயே தெரிந்தது. காற்றில்லாத ஓர் இரவில், விடிவதற்குச் சற்று முன்பு வெப்பமானி மைனஸ் 4-ஐத் தொட்டபோது, நான் இந்தப் பைக்குள் ஒரே ஒரு கம்பளிச் சட்டையுடன் நன்றாக உறங்கினேன். மறுநாள் ஏறக்குறைய அதே குளிரில் இதே பையைப் பயன்படுத்திய தோழிக்குப் பாதி இரவிலேயே கால்கள் சில்லிட்டுவிட்டன. காலுறையின் மேல் இன்னொரு காலுறையும், வெந்நீர் நிரப்பி இறுக மூடிய பாட்டிலும் தேவைப்பட்டன. எளிதில் குளிர் தாக்கும் உடல்வாகு உள்ளவர்கள் முதல் எண்ணை மட்டுமே பார்க்க வேண்டும். அதிலும் போகும் இடத்தின் இரவுக் குளிரைவிட நான்கைந்து டிகிரி கூடுதலாகத் தாங்கும் பையை எடுப்பதே பாதுகாப்பு.

பாலைவனத்தின் குளிரைக் குறைத்து மதிப்பிடுவது எளிது, ஏனென்றால் மாலை நான்கு மணிக்குச் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டுதான் கூடாரம் அடிக்கிறோம். காற்றில் ஈரப்பதம் மிகக் குறைவு, மேகமும் இல்லை. பகலெல்லாம் மணற்பரப்பு வாங்கிய வெப்பம் சூரியன் மறைந்ததும் தடையின்றி வானத்துக்குப் போய்விடுகிறது. குளிர்ந்த காற்று கனமானது என்பதால் பள்ளங்களிலும் வறண்ட ஆற்றுப் படுகைகளிலும் வந்து தேங்கும். சற்று மேடான இடத்தில் படுப்பதே மேல். திடீர் வெள்ளம் வரும் அபாயம் இருப்பதால் ஆற்றுப் படுகையில் எப்படியும் கூடாரம் அடிக்கக் கூடாது.

இனி பையைப் பற்றி. உள்ளே இருப்பது வாத்துத் தூவி, வாத்தின் உடலோடு ஒட்டி வளரும் மென்மையான இறகு. அது 750 என்று தரமிட்டது, அதாவது ஓர் அவுன்ஸ் தூவி விரிந்து 750 கன அங்குல இடத்தை, பன்னிரண்டு லிட்டருக்கும் சற்று அதிகமான இடத்தை, நிரப்பும். சுருட்டு உறையிலிருந்து உருவிய உடனே சப்பையாகத்தான் இருக்கும். அரை மணி நேரம் விட்டுவைத்தால், இலவம்பஞ்சுத் தலையணையை வெயிலில் போட்டு எடுத்தாற்போல் உப்பி எழுகிறது. அதனால் கூடாரம் அடித்து முடித்தவுடன் பையை விரித்துவிட்டுப் பிறகு மற்ற வேலைகளைப் பார்ப்பது நல்லது. கழுத்தைச் சுற்றியுள்ள தடித்த வளையமும் தலைமூடியும் சரியான அளவில் தைக்கப்பட்டிருக்கின்றன. இரண்டையும் இறுக்கும் கயிறுகளில் ஒன்று உருண்டையாகவும் மற்றது தட்டையாகவும் இருப்பதால், இருட்டில் தொட்டுப் பார்த்தே எது எதற்கு என்று அறியலாம். யாரோ குளிரில் படுத்துப் பார்த்துச் செய்த ஏற்பாடு இது, மனதாரப் பாராட்டுகிறேன்.

காரில் போகும்போது எடை ஒரு பொருட்டல்லவே, விலை குறைந்த செயற்கை இழைப் பை போதாதா என்று கேட்கலாம். நண்பர்களில் இருவர் அத்தகைய பைகளைத்தான் கொண்டுவந்தார்கள். அவர்களும் நன்றாகவே உறங்கினார்கள். ஆனால் அவை இரண்டும் டிக்கியில் பிடித்த இடத்தில் தூவிப் பைகள் நான்கை வைத்திருக்கலாம். பாலைவனப் பயணத்தில் டிக்கியின் ஒவ்வொரு மூலையும் தண்ணீர் கேனுக்கு வேண்டிய இடம். இந்தப் பையின் சுருங்கும் தன்மையை நான் பெரிதாக மதிப்பது அதனால்தான். ஈரத்தில் தூவி அமுங்கி வெப்பம் காக்கும் திறனை இழக்கும் என்பது உண்மை. வறண்ட பாலைவனத்தில் அந்தக் கவலை குறைவு. மூடுபனி உள்ளே வரும் கடலோரப் பாலைவனத்துக்குப் போகிறவர்களுக்கு இதே பரிந்துரையை நான் தரமாட்டேன்.

குறை ஜிப்பில் இருக்கிறது. ஜிப்பை ஒட்டி உள்புறம் ஓடும் காற்றுத்தடுப்புக் குழாயின் துணி மிக மெல்லியது. மேலே இழுக்கும்போதெல்லாம் அது பற்களுக்கிடையே சிக்குகிறது. ஒரு கையால் துணியை விலக்கிப் பிடித்துக்கொண்டு மறு கையால் இழுத்தால்தான் மூட முடிகிறது. நடு இரவில் எழுந்து வெளியே போய்வந்து, விறைத்த விரல்களுடன் இதைச் செய்வது எரிச்சலூட்டும். ஓரத்தில் ஒரு விறைப்பான நாடாவைத் தைத்திருந்தாலே இந்தத் தொல்லை இருந்திருக்காது. இந்த விலையில் விற்கும் பையில் இது மன்னிக்கக்கூடிய குறை என்று நான் நினைக்கவில்லை. பற்களில் மணலும் சேரும். அதை உலர்ந்த பல் துலக்கும் பிரஷால் தட்டிவிட வேண்டும். எண்ணெய் போட்டால் மணல் இன்னும் ஒட்டிக்கொள்ளும்.

பை எவ்வளவு நல்லதாக இருந்தாலும், முதுகுக்குக் கீழே உள்ள தூவி உடல் எடையில் நசுங்கிவிடுவதால் தரையின் குளிரை அதனால் தடுக்க முடியாது. அந்த வேலை பாயினுடையது. பாய்களின் வெப்பத் தடையைக் குறிக்கும் ஆர் மதிப்பை அளக்க 2018-ல் ஏஎஸ்டிஎம் எஃப்3340 என்ற பொதுமுறை வந்தபின், வெவ்வேறு நிறுவனங்களின் பாய்களை ஒப்பிட்டு வாங்குவது எளிதாகிவிட்டது. ஒரு பாய்மேல் இன்னொன்றைப் போட்டால் இரண்டின் மதிப்பையும் கூட்டிக்கொள்ளலாம். நான் ஆர் 2 அளவுள்ள நுரைப் பாயை அடியிலும், ஆர் 4 அளவுள்ள காற்றுப் பாயை மேலேயும் விரித்தேன். நுரைப் பாய் முள்ளிலிருந்தும் கூர்ங்கல்லிலிருந்தும் காற்றுப் பாயைக் காத்தது. செலவுக்கு வரம்பு வைத்திருப்பவர்கள் பையில் ஒரு படி இறங்கிவந்து, மிச்சமாகும் பணத்தைப் பாயில் போடலாம்.

குளிர் தாங்காமல் முகத்தையும் பைக்குள் இழுத்துக்கொண்டு மூச்சு விடுவது கூடாது. மூச்சின் ஈரம் தூவியில் தங்கி, அடுத்தடுத்த இரவுகளில் பை சற்றுச் சப்பையாகிறது. மூக்கும் வாயும் மட்டும் வெளியே இருக்கும்படி தலைமூடியை இறுக்கிக்கொள்வதே முறை. காலையில் பையை உட்புறம் வெளியே வருமாறு திருப்பி, காரின் மேல் சற்று நேரம் போட்டு வைத்தால் ஈரம் போய்விடும். நாள் முழுவதும் வெயிலில் கிடந்தால் நைலான் துணி நைந்துபோகும்.

பையுடன் தருவது ஒரே ஒரு சிறிய சுருட்டு உறை. பயணத்துக்கு அது சரி, ஆனால் மாதக்கணக்கில் அதற்குள் திணித்து வைத்தால் தூவி நசுங்கி, மீண்டும் முழுதாக உப்பாமல் போகும். வீட்டில் வைக்கத் தளர்வான பெரிய துணிப்பை ஒன்று வேண்டும். அதை நிறுவனமே தந்திருக்கலாம், தரவில்லை. நான் பழைய பருத்தித் தலையணை உறைகள் இரண்டை இணைத்துத் தைத்து அதற்குள் போட்டு வைத்திருக்கிறேன்.